குளிர்காலத்தில் எங்கே நடக்கலாம்: உறைந்த குளமா, ரூஜ் காடா, ஏரிக்கரையா?

ஜனவரி பிறந்துவிட்டால் ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிவரும். சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டகாலம் தங்கிப்போகும் அனுமதியில்) வந்த அம்மா அப்பா வாரக்கணக்காகக் கண்ணாடிக்கு உள்ளே இருந்தே பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் திரையை விட்டு எழும்புவதாக இல்லை. ஞாயிறு மதியம் நல்ல வெயில். நடக்கப் போகலாம், ஆனால் எங்கே? தெரிந்தவர் ஒருவர் உறைந்த குளத்தின் நடுவில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருப்பார். இன்னொருவர் ஸ்காபரோப் பக்கத்து ரூஜ் காட்டைச் சொல்வார். மூன்றாமவர், ஒன்ராறியோ ஏரியோரத்தில் இருக்கும் ஸ்காபரோ பிளஃப்ஸ் கரையில் ஐஸ் மலை மலையாகக் குவிந்து நிற்கிறது, இன்றே போய்ப் பாருங்கள் என்பார்.

மூன்றும் அழகான இடங்கள்தான். ஆனால் ஒரே நாளில் மூன்றும் நல்ல தெரிவாக இருப்பது அபூர்வம். போனில் காட்டும் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். காட்டுக்கு அது ஓரளவு போதும். ஏரிக்கரைக்கு அதைவிடக் காற்றின் திசை முக்கியம். குளத்துக்கு இன்றைய குளிர் ஒன்றுமே சொல்லாது, கடந்த இரண்டு வாரக் குளிரைத்தான் கேட்க வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

காலடியில் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. இந்த ஊரில் குளிர்காலம் தொடர்ச்சியாகக் குளிராக இருப்பதில்லை. பகலில் பனி உருகும், இரவில் அதே தண்ணீர் ஐஸாக உறையும். அதனால் விழுந்த அன்று பஞ்சாக இருக்கும் பனியைவிட, மூன்று நாள் பலர் மிதித்து இறுகிய பனிதான் ஆளை விழுத்தும்.

இரண்டாவது காற்று. கனடிய வானிலைத் துறை தரும் குளிர்காற்று எண்ணை (காற்றோடு சேர்ந்து உடலில் படும் குளிரின் அளவை) பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்த எண் மைனஸ் 20 ஆகிவிடும். மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய வாய்ப்பு உண்டு. மரங்களுக்கு நடுவே காற்றுக்கு அவ்வளவு பலம் இராது. திறந்த கரையில் முழுப் பலத்தோடும் அடிக்கும்.

மூன்றாவது, திரும்பும் வழி. கோடையில் களைத்தால் உட்கார்ந்து ஆறலாம். குளிர்காலத்தில் உட்கார்ந்தால் உடல் வேகமாகக் குளிர்ந்துவிடும். ஆகவே எந்த நிமிடத்தில் திரும்பினாலும் சீக்கிரமாகக் காருக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ வந்துசேர முடிய வேண்டும். வெளிச்சமும் இதில் சேர்ந்ததுதான். டிசம்பர் கடைசியில் மாலை 4:45க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஜனவரி கடைசியில் 5:25 வரை கிடைக்கும். மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுக் கிளம்பும் நம் வழக்கம் குளிர்காலத்துக்கு ஒத்துவராது.

கடைசியாகச் செலவு. நுழைவுக் கட்டணம் எங்கும் பெரிதில்லை. சப்பாத்து, ஐஸ் கிளீட்ஸ் (வழுக்காமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டுவது), பார்க்கிங், பூட்டிக்கிடக்கும் கழிப்பறை என்று மற்றவைதான் கணக்கில் வராமல் சேர்ந்துகொள்ளும்.

## உறைந்த குளம்

இதன் ஈர்ப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹை பார்க்கில் இருக்கும் கிரெனடியர் குளம் நன்றாக உறைந்த ஒரு காலைப்பொழுதில், காலுக்குக் கீழே கறுத்த கண்ணாடிபோல் ஐஸ், அதற்குள் அடுக்கடுக்காக உறைந்து நிற்கும் வெள்ளைக் காற்றுக்குமிழ்கள், தூரத்தில் ஐஸ் விரிவடையும்போது எழும் ஆழமான ‘டூம்’ என்ற ஒலி. வேறெங்கும் கிடைக்காத அனுபவம் அது.

ஆனால் மூன்றிலும் உயிரோடு விளையாடக்கூடியது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தனியாக நடக்க, சறுக்கக் குறைந்தது 15 செ.மீ. ஐஸ், கூட்டமாக என்றால் 20 செ.மீ. என்பது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு. இது தெளிந்த, கெட்டியான ஐஸுக்கான கணக்கு. பால்போல் வெளுத்த ஐஸில் காற்றும் பனியும் கலந்திருக்கும், அதன் பலம் ஏறக்குறைய பாதிதான். சாம்பல் நிறத்தில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கால் வைக்கவே கூடாது. அதற்குமேல் ஒரு சிக்கலும் உண்டு. ஐஸின் மேல் விழும் பனி ஒரு போர்வைபோல் அதை மூடிவிடுவதால், மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் கீழே ஐஸ் தடிப்பது மெதுவாகிவிடும். வெள்ளைவெளேரென்று பனி மூடிய குளம் பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், உண்மையில் அதை நம்ப முடியாது.

ஒரே குளத்திலும் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஓடை வந்து சேரும் இடம், நாணல் நிற்கும் ஓரம், தண்ணீரைச் சுழற்றும் இயந்திரம் உள்ள பக்கம் எல்லாம் மெல்லியதாகவே இருக்கும். ஆகவே நடுவில் ஒருவர் நிற்கிறார் என்பது நீங்கள் இறங்கும் ஓரத்துக்குச் சாட்சி ஆகாது.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் எங்கும் புதிய குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு குளம் இருக்கும். அதைச் சுற்றி நடைபாதை, இருக்கை, வாத்துகள். அது இயற்கைக் குளம் இல்லை. தெருக்களில் விழும் மழைத்தண்ணீரையும் உருகும் பனித்தண்ணீரையும் பிடித்து வைக்க வெட்டிய குளம். குழாய்கள் வழியாக உள்ளே தண்ணீர் வந்துகொண்டும் வெளியே போய்க்கொண்டும் இருக்கும். நீர்மட்டம் இறங்கினால் ஐஸுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகும். தெருவில் கொட்டிய உப்பும் இதில்தான் வந்து சேர்கிறது, உப்புத் தண்ணீர் உறைவதும் கடினம். எவ்வளவு கடும் குளிர் அடித்தாலும் இதன்மேல் ஏறக்கூடாது. கரையில் நகராட்சி நட்டிருக்கும் பலகையும் அதைத்தான் சொல்கிறது.

பெரிய குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில் உள்ள மறைந்த விலையும் இதுதான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிரெனடியர் குளத்தில் நடந்த பத்து வயதுப் பிள்ளைக்கு, குளம் என்றால் நடக்கலாம் என்று மனதில் பதிந்துவிடும். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து வரும் வழியில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மழைநீர்க் குளத்தைக் காணும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். கூட்டிப்போவதாக இருந்தால், இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரையில் நிற்கும்போதே சொல்லிக்கொடுங்கள். பாதியில் சொன்னால் காதில் ஏறாது.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால்? மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், அதை அடக்கி நிதானத்துக்கு வர வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். விழுந்தவர் தான் வந்த பக்கமாகத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அந்த ஐஸ் ஏற்கனவே அவரைத் தாங்கியது. கால்களை உதைத்து, நெஞ்சை ஐஸின்மேல் ஏற்றி, எழுந்து நிற்காமல் உருண்டு வெளியே வர வேண்டும். பார்ப்பவர் கிட்டப் போகாமல் 911 அழைத்துவிட்டு, மரக்கிளையோ கழுத்துத் துணியோ நீட்டலாம்.

குளம் எப்போது நல்ல தெரிவு? இரண்டு வாரமாவது தொடர்ந்து உறைநிலைக்கு வெகு கீழே இருந்து, அன்றைய தினம் கரையில் உள்ள பலகை அனுமதிக்கும்போது மட்டும். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துவருகின்றன. ஒட்டாவாவில் ரிடோ கால்வாயின் 7.8 கிலோமீட்டர் சறுக்குப் பாதைக்கு 30 செ.மீ. ஐஸ் வேண்டும், 2022–23 குளிர்காலத்தில் அது முதன்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஒட்டாவாவுக்கே அந்த நிலை என்றால், அதைவிடச் சூடான ரொறன்ரோவில் குளத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமையைத் திட்டமிட முடியாது. ஐஸில் கால் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்றால், ஸ்காபரோ சிவிக் சென்டருக்குப் பக்கத்தில் அல்பர்ட் கேம்பெல் சதுக்கத்தில் நகராட்சியின் இலவசச் சறுக்குத்தளம் இருக்கிறது. அடியில் குளிரூட்டிக் குழாய், அதற்குக் கீழே கொங்கிரீட். எனக்குக் குளத்தைவிட அதுவே போதும்.

## காட்டுப் பாதை

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா 79 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. 2015இல் அந்த நிலையைப் பெற்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்காபரோவில் இருக்கும் பலருக்கு வீட்டிலிருந்து சிறு தூரம்தான், ஆனாலும் மிருகக்காட்சிசாலைக்குப் போகும் வழியில் கடந்து போனதோடு சரி.

காட்டின் பெரிய பலம் காற்றை அடைப்பது. ஏரிக்கரையில் கண்ணில் நீர் வரவைக்கும் அதே காற்று, இங்கே மரங்களின் உச்சியில் இரைந்துகொண்டு போகும், கீழே முகத்தில் படாது. மைனஸ் 10க்குக் கீழே போன நாட்களில் பனி காலடியில் கிறீச் கிறீச்சென்று சத்தமிடும். அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷப்படலாம், பனி உலர்ந்திருக்கிறது, அவ்வளவாக வழுக்காது என்று பொருள். மான், முயல், கொயோட்டியின் கால்தடங்களைப் பிள்ளைகளோடு தேடிக்கொண்டே போனால் நேரம் போவதே தெரியாது. சிக்கடீ என்ற கறுப்புத் தொப்பிச் சிட்டு மிகக் கிட்டே வந்து பார்க்கும். அதற்கு விதை போட ஆசை வரும், ஆனால் தேசியப் பூங்காவில் எந்த உயிருக்கும் தீனி போடக்கூடாது.

முதல்முறை போகிறவர்களுக்கு விஸ்டா பாதை சரி. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடையும் உண்டு. மாஸ்ட் பாதை இதைவிட நீளம், ஏற்ற இறக்கமும் அதிகம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலின் பாய்மரத்துக்காக வெட்டிய பைன் மரங்களை இழுத்துச் சென்ற வழி அது. மாஸ்ட் என்றால் பாய்மரம், பெயரும் அப்படித்தான் வந்தது. பழகியவர்களுக்கு அருமையான நடை.

இனிக் குறைகள். இந்தப் பாதைகளில் பனியை யாரும் வழித்து உப்புப் போடுவதில்லை. ஒரு வார இறுதியில் கூட்டம் மிதித்து, திங்களன்று சற்று உருகி, செவ்வாயிரவு மீண்டும் உறைந்தால், இறக்கம் முழுவதும் ஒரே ஐஸ். கிளீட்ஸ் இல்லாமல் அன்றைக்குப் போகக்கூடாது. ரப்பரில் கம்பிச்சுருள் கோத்த சாதாரண வகை 25 டொலர் அளவில் கிடைக்கும். சமதரைக்கு அது போதும், சரிவுக்குச் சங்கிலியும் முள்ளும் உள்ள வகை வேண்டும், விலை இரண்டு மூன்று மடங்கு. நான்கு பேர் குடும்பம் என்றால் இதுதான் உண்மையான நுழைவுக் கட்டணம். காருக்குத் திரும்பியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். காட்டில் காப்பாற்றும் அதே முள், கோப்பிக் கடையின் வழுவழுப்பான தரையில் ஆளைச் சறுக்கி விழுத்தும்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் ‘வின்டர் பூட்ஸ்’ என்று எழுதியிருப்பதால் அது ஐஸில் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ரொறன்ரோ மறுவாழ்வு நிலைய ஆய்வாளர்கள் சரிவான ஐஸ்தளத்தில் ஆட்களை நடக்கவைத்துச் சோதித்து, பிடிக்கும் சப்பாத்துகளுக்குப் பனிச்செதில் (snowflake) குறி கொடுக்கிறார்கள். 2016இல் வெளியிட்ட முதல் பட்டியலில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கும் முன் பாருங்கள்.

காட்டுக்குப் போகக்கூடாத நாட்களும் உண்டு. உறைமழை (விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் மழை) பெய்த மறுநாள் கிளைகள் ஐஸின் பாரத்தில் முறிந்து விழும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் அடித்த ஐஸ் புயலை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. உறைநிலைக்கு மேல் ஏறும் இளஞ்சூட்டு நாட்களில் பாதை சேறாகும், உண்ணிகளும் விழித்துக்கொள்ளும். லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி ரூஜில் இருக்கிறது, குளிர்காலம்தானே என்று விட்டுவிடாமல் வீட்டுக்கு வந்ததும் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஏரிக்கரை

ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர். சராசரி 19 மீட்டரே ஆழமுள்ள ஈரி ஏரி பெரும்பாலான குளிர்காலங்களில் பெருமளவு உறையும், இது அப்படி முழுதாக உறைவது மிக அரிது. அதனால்தான் கரையில் ஐஸ், அதற்கு அப்பால் நீலமாக அலையடிக்கும் தண்ணீர் என்ற காட்சி நமக்குக் கிடைக்கிறது. ஆர்க்டிக் பக்கமிருந்து வரும் நீள்வால் வாத்துகள் அந்தத் திறந்த நீரில் கூட்டமாக மிதந்தபடி ஓயாமல் குரல் கொடுக்கும். ஈர மணல் உறைந்து இறுகிவிடுவதால் கோடையைவிட நடப்பதும் சுலபம். கூழாங்கல் ஒவ்வொன்றும் கண்ணாடி பூசியதுபோல் மினுங்கும்.

இங்கேதான் காற்றின் திசை வருகிறது. ரொறன்ரோ ஏரியின் வடகரையில் இருக்கிறது. வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வந்தால் அது நிலத்தைக் கடந்து வருவது. பிளஃப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் பிளஃபர்ஸ் பூங்காவின் கரையில் அன்று நின்றால், ஸ்காபரோ பிளஃப்ஸின் செங்குத்து மண்சுவர் அந்தக் காற்றைப் பெரும்பாலும் மறித்துக்கொள்ளும். சில இடங்களில் அது 90 மீட்டர் வரை உயரம். தெற்குப் பார்த்த கரை என்பதால் வெயிலும் நேரே விழும். நகரமே நடுங்கும் நாளில் அங்கே தொப்பியைக் கழற்றத் தோன்றும். கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ காற்று என்றால் கதை தலைகீழ். அலை எழுந்து தண்ணீர்த் திவலை முகத்தில் அடித்து அங்கேயே உறையும்.

அந்த ஐஸ் மலைகள் உருவாவதும் இப்படித்தான். அலை கொண்டுவந்து குவிக்கும் ஐஸ் கட்டிகளும் திவலையும் சேர்ந்து இறுகி, கரையிலிருந்து ஏரிக்குள் ஒரு திண்ணைபோல் நீண்டுவிடும். அடியில் பொந்து பொந்தாக இருக்கும். மேலே பனி விழுந்துவிட்டால் மணல் எங்கே முடிகிறது, ஐஸ் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. படம் எடுக்க அதன்மேல் ஏறி நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்குகிறது. உடைந்தால் விழுவது குளத்தில் இல்லை, அலையடிக்கும் ஏரியில். அதைத் தூர நின்றே பாருங்கள். மண்சுவரின் அடிவாரத்தை ஒட்டியும் நடக்காதீர்கள், உறைந்து உருகும் களிமண் கட்டி கட்டியாக விழும். மேலே விளிம்பில் நிற்பது அதைவிட மோசம்.

பிளஃப்ஸுக்கு மேற்கே, அதே ஏரிக்கரையில் இருக்கும் வூட்பைன் பக்கம் இன்னொரு மாதிரி. பலகைப் பாதை, சமதரை, பக்கத்திலேயே குயின் வீதிக் கடைகளும் ஸ்ட்ரீட்காரும். களைத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் ஒரு சூடான அறைக்குள் போய்விடலாம். 2015 முதல் அங்கே உயிர்காப்பாளர் மேடைகளைச் சுற்றிக் கலைஞர்கள் அமைக்கும் வின்டர் ஸ்டேஷன்ஸ் கண்காட்சியும் பிப்ரவரி பக்கத்தில் நடந்து வந்திருக்கிறது.

செலவு என்று பார்த்தால் பார்க்கிங் கட்டணம், அப்புறம் பிளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்கும் பிரிம்லி வீதியின் செங்குத்துச் சரிவு. குளிர்கால டயர் இல்லாத காரைப் பனி கொட்டும் நாளில் அங்கே இறக்க வேண்டாம்.

## அன்றைய வானம் எப்படி, எங்கே போகலாம்

| அன்றைய நிலை | என் தெரிவு | காரணம் |
|---|---|---|
| வடக்குக் காற்று, வெயில் | பிளஃப்ஸ் கரை | காற்று மறைவு, தெற்கு வெயில் |
| எந்தத் திசையிலும் பலத்த காற்று, மேகமூட்டம் | காடு | கீழே காற்று இறங்காது |
| புதுப்பனி விழுந்த மறுநாள் | காடு | இன்னும் மிதிபடாத பனி, அதிகம் வழுக்காது |
| உருகி மீண்டும் உறைந்த நாள் | வூட்பைன் பலகைப் பாதை, கிளீட்ஸோடு | சமதரை, பக்கத்தில் கடைகள் |
| உறைமழைக்கு மறுநாள் | வீடு, அல்லது மால் | கிளைகளும் விழும், ஆளும் விழுவார் |
| இரண்டு வாரம் விடாத கடுங்குளிர், பலகை அனுமதி | கிரெனடியர் குளம் | அந்த நாட்களில் மட்டும் |

## யாரோடு போகிறீர்கள்

அம்மா அப்பாவுக்கு முதல் நடை என்றால் காட்டையும் குளத்தையும் விடுங்கள், வூட்பைன் பலகைப் பாதைதான். காற்று குறைந்த நாளாகப் பார்த்து, அரை மணி நேரம் போதும். அம்மா சேலையில்தான் வருவேன் என்றால் அதற்கும் இதுவே தோது. காட்டில் சேலைக் கரை பனியில் நனைந்து, அட்டைபோல் விறைத்துக் கணுக்காலில் உரசத் தொடங்கிவிடும். உள்ளே தெர்மல், மேலே முழங்காலைத் தாண்டும் ஜாக்கெட், கம்பளிக் காலுறை. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வேண்டாம். பூங்காக் கழிப்பறைகள் பல குளிர்காலத்தில் பூட்டியிருக்கும் என்பதால் கடை பக்கத்தில் இருப்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

நீரிழிவு உள்ளவர்கள் நம் வீடுகளில் அதிகம், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் விறைப்பதே தெரியாது. “வலிக்கவில்லையே” என்று சொல்வதை நம்பி இன்னும் கொஞ்சம் நடக்கவைக்காதீர்கள். திரும்பியதும் காலுறையைக் கழற்றிப் பாருங்கள், விரல் வெளுத்தோ மெழுகுபோலோ தெரிந்தால் தேய்க்காமல், ஹீட்டரில் காட்டாமல், வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். நீரின் சூட்டை நீங்கள் கைவைத்துப் பார்க்க வேண்டும், அவருக்கு அதுவும் தெரியாது. இதய நோய் உள்ளவர்களுக்குக் குளிரில் இரத்த அழுத்தம் ஏறும், ஏற்றமில்லாத பாதையில் மெதுவாக நடக்கட்டும். ஆஸ்துமாக்காரர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ரூஜ் காடுதான், சந்தேகமே இல்லை. கால்தடம், குச்சி, பனிமேடு, வேறென்ன வேண்டும் அவர்களுக்கு. காலை 11 மணிக்குள் தொடங்கிவிடுங்கள். மாற்றுக் கையுறை ஒரு சோடி கூடுதலாக இருக்கட்டும், முதல் சோடி அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

தனியாக நடப்பவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். போனை ஜாக்கெட்டின் வெளிப் பையில் வைக்காமல் உள்பையில் வையுங்கள். குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அது அணைந்துவிடும்.